விசுவாசம் மட்டும் போதுமா? பாவமும் சிலுவையும் மன்னிப்பும் குறித்து எழும் மூன்று கேள்விகள்

கேள்வி இவ்வாறு கேட்கப்பட்டது: “பல கொடுமைகளைச் செய்த ஒருவர் சாகும் தறுவாயில் இயேசுவை விசுவாசித்தால் அவருக்கு மன்னிப்பு உண்டு என்கிறீர்கள். வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்தவருக்கு அந்த நன்மை போதாது என்கிறீர்கள். ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவர் தண்டனை பெறுவதும் நீதியாகத் தெரியவில்லை. விசுவாசித்தாலே போதுமென்றால் நல்லவராக வாழவேண்டிய தேவைதான் என்ன?”

மூன்றும் நியாயமான கேள்விகள். கிறிஸ்தவத்துக்கு வெளியே நிற்பவர்கள் மட்டும் கேட்பவையும் அல்ல. அப்போஸ்தலனாகிய பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், தம்மை எதிர்ப்பவர் என்ன கேட்பார் என்று எண்ணிப் பார்த்து எழுதுகிற இடங்களில், மூன்றாவது கேள்வி ஏறத்தாழ இதே வடிவத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியை வேதாகமமே தனக்குள் எழுப்பிக்கொள்கிறது. அதைப் பின்னர் காட்டுகிறேன். மூன்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: கடவுளுக்கு நாம் செலுத்தவேண்டிய கட்டணம் ஒன்று உண்டு, நற்செயல்களுக்குப் பதிலாக விசுவாசத்தை அந்தக் கட்டணமாக அவர் ஏற்றுக்கொள்கிறார் என்ற எண்ணம். அவ்வாறு எடுத்துக்கொண்டால் இந்தச் செய்தி அநியாயமாகத் தெரிவதில் வியப்பில்லை. நற்செய்தி சொல்வது வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் பாவத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் கொலை, களவு, பொய் என்று ஒரு பட்டியல் நம் மனத்தில் வருகிறது. பட்டியலில் உள்ளவற்றைச் செய்தவர் பாவி, செய்யாதவர் நல்லவர் என்று நாமே பிரித்துக்கொள்கிறோம். பவுல் ரோமர் நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்களில் இந்தப் பிரிவினையைத்தான் குலைக்கிறார். முதலில் கடவுளை அறியாமல் வாழ்ந்த உலகத்தின் சீர்கேட்டை அவர் விவரிக்கிறார். அதைப் படிக்கும் ஒழுக்கமுள்ள வாசகர் தலையசைத்து ஒப்புக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாம் அதிகாரம் தொடங்கும்போதே அவர் அந்த வாசகரை நோக்கித் திரும்பி, மற்றவரைக் குற்றவாளியாகத் தீர்க்கிற நீயும் அவற்றையே செய்கிறாய், ஆகையால் போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை என்கிறார். மோசே வழியாகக் கடவுள் கொடுத்த சட்டமாகிய நியாயப்பிரமாணம் தங்களிடம் இருக்கிறது என்று சொல்லும் தம் சொந்த இனத்தாரான யூதரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தின் 23ஆம் வசனத்தில்தான், “எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி” என்ற முடிவுக்கு வந்து சேர்கிறார்.

இதனால் எல்லாரும் ஒரே அளவு தீயவர்கள் என்று அவர் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொலைகாரரும் கோபத்தில் கடுஞ்சொல் பேசியவரும் பிறருக்கு இழைத்த தீங்கில் சமமானவர்கள் அல்லர். அப்படிப் போதிப்பவர்கள் உண்டென்றால், அவர்கள் பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை மறந்துவிடுகிறார்கள் என்பேன். பவுல் பேசுவது செயல்களின் அளவைப் பற்றி அன்று, மனிதர் நிற்கும் நிலையைப் பற்றி. தன்னை உண்டாக்கியவரை மையத்தில் வைக்க வேண்டிய மனிதர், அந்த இடத்தில் தம்மையே வைத்துக்கொண்டு வாழ்கிறார். தீமை செய்கிறபோது மட்டுமல்ல, நன்மை செய்கிறபோதும் இது நிகழ்கிறது. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் ஜெபம்பண்ணத் தேவாலயத்துக்குப் போன பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசிப்பதும், சம்பாத்தியத்தில் பத்தில் ஒன்றைக் கொடுப்பதும் உண்மையாகவே அவன் செய்தவை. அந்த நன்மைகளை அவன் தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, இகழ்வதற்கான ஆதாரமாக்கிக்கொண்டான். ஆயக்காரனோ தன் கண்களையும் வானத்துக்கு ஏறெடுக்கத் துணியாமல், “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்று சொல்லி மார்பில் அடித்துக்கொண்டான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பியவன் இவனே என்று இயேசு முடிக்கிறார்.

பாவத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது நாம் செய்யும் தவறு மட்டுமன்று, நம்மை ஆளும் ஆற்றலும்கூட. “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்று ரோமர் 7ஆம் அதிகாரத்தில் வரும் வாக்குமூலத்தைத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாதவர் யாரும் இருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். குற்றவாளிக்கு மன்னிப்பு தேவை. அடிமைக்கு விடுதலை தேவை. இரண்டு தேவைகளும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதால்தான் நல்ல அறிவுரை, நல்ல எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு கிறிஸ்தவச் செய்தி நின்றுவிடுவதில்லை. “இனிமேல் நல்லவனாக இரு” என்ற கட்டளை, அதைச் செய்ய முடியாமல் இருக்கிறேன் என்று அழுகிறவருக்கு எந்த உதவியும் செய்யாது.

அப்படியானால் கடவுள் மன்னித்துவிட்டுப் போகலாமே, சிலுவை எதற்கு என்ற கேள்வி எழும். மன்னிப்பு என்பதன் தன்மையே இதற்கான விடையின் ஒரு பகுதி. எனக்குப் பெருந்தீங்கு இழைத்த ஒருவரை நான் மன்னிக்கும்போது, அந்தத் தீங்கின் இழப்பு மறைந்துபோவதில்லை. அவரிடமிருந்து அதை வசூலிக்காமல் நானே சுமந்துகொள்கிறேன். தீங்கு சிறியதாக இருக்கும்போது இந்தச் சுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரியதாக இருக்கும்போது, மன்னிப்பவர் எவ்வளவு வேதனையை விழுங்க வேண்டியிருக்கிறது என்பது மன்னித்தவர்களுக்குத் தெரியும். விடையின் மற்றப் பகுதி நீதியைப் பற்றியது. தீமையைக் கண்டும் காணாமலும் விடுகிற நீதிபதியை நாம் இரக்கமுள்ளவர் என்று சொல்வதில்லை, ஊழல் செய்கிறவர் என்கிறோம். ரோமர் 3:25-26இல் பவுல், முற்காலத்துப் பாவங்களைக் கடவுள் பொறுத்திருந்ததையே ஒரு சிக்கலாகக் காண்கிறார். கடவுள் நீதியுள்ளவராகவும், விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் ஒரே நேரத்தில் விளங்கும்படி கிறிஸ்துவின் இரத்தம் சிந்தப்பட்டது என்கிறார்.

இஸ்ரவேலரின் பலிமுறை இந்தச் சிக்கலை ஆண்டுதோறும் கண்முன் நிறுத்தியது. லேவியராகமம் 16ஆம் அதிகாரம் விவரிக்கும் பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலியிடப்பட்டு அதன் இரத்தம் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோகப்படும். மற்றதன் தலையின்மேல் பிரதான ஆசாரியன் தன் இரு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டபின், அது வனாந்தரத்துக்கு அனுப்பிவிடப்படும். பாவத்தின் விளைவு மரணம் என்பதை முதற்கடாவும், பாவம் மக்களைவிட்டு அகற்றப்படுகிறது என்பதை இரண்டாவதும் காட்டின. ஆயினும் அடுத்த ஆண்டும் அதே சடங்கு தேவைப்பட்டது. காளை, வெள்ளாட்டுக்கடா இவற்றின் இரத்தம் பாவங்களை நிவிர்த்திசெய்யமாட்டாது என்று எபிரெயர் 10:4 வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. விலங்கால் மனிதருக்கு ஈடாக முடியாது.

மனிதரால் முடியுமா? இங்கேதான் கேள்வி கேட்டவரின் இரண்டாவது ஆட்சேபம் வேதாகமத்துக்குள்ளேயே ஒலிக்கிறது. பொற்கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மோசே, அவர்கள் பாவத்தை மன்னித்தருளும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்று கடவுளிடம் மன்றாடுகிறார் (யாத்திராகமம் 32:32). இதைவிட உயர்ந்த தன்னலமின்மை இருக்க முடியாது. கடவுள் அதை ஏற்கவில்லை. பாவஞ்செய்தவன் எவனோ அவன் பேரையே கிறுக்கிப்போடுவேன் என்று பதிலளிக்கிறார். தன் சகோதரனை மீட்கும்பொருளை ஒருவனும் கடவுளுக்குக் கொடுக்க முடியாது என்கிறது 49ஆம் சங்கீதம். பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தீர்ப்பளிக்கிறது. ஒருவரின் குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பது நீதியன்று என்று நீங்கள் சொல்கிறீர்கள். தீர்க்கதரிசியும் அதையே சொல்கிறார்.

அப்படியிருக்க, ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் நம் எல்லாருடைய அக்கிரமமும் ஒருவர்மேல் விழப்பண்ணப்பட்டது என்று எழுதியிருப்பது எப்படிப் பொருந்தும்? புதிய ஏற்பாடு இதற்குத் தரும் பதிலில் இரண்டு இழைகள் இருக்கின்றன. இரண்டில் எதை அறுத்தாலும் மற்றது நிற்காது.

முதலாவது, சிலுவையில் தொங்குகிறவர் இந்த வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் அல்லர். பாவம் யாருக்கு விரோதமாகச் செய்யப்பட்டதோ அவரே மனிதராகி வந்தார் என்பதே கிறிஸ்தவ விசுவாசம். “தேவன் கிறிஸ்துவுக்குள்” உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5:19 கூறுவதைக் கவனியுங்கள். கோபங்கொண்ட தந்தை ஒருவர், தொடர்பில்லாத ஒருவரைப் பிடித்து அடித்துத் தம் சினத்தைத் தணித்துக்கொண்டார் என்று சித்திரிக்கும் பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் அருவருப்படைந்தால் குற்றம் கேட்பவர்களுடையது அன்று. அந்தச் சித்திரத்தில் தந்தையும் குமாரனும் எதிரெதிராகப் பிரிந்துவிடுகிறார்கள். தந்தை, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவப் போதனையே அங்கே உடைந்துவிடுகிறது. தந்தையும் குமாரனும் ஒரே சித்தத்தோடு செய்த செயல் அது. என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்று இயேசு யோவான் 10:18இல் சொல்கிறார். மன்னிப்பவரே இழப்பைச் சுமக்கிறார் என்று மேலே சொன்னது, இங்கே அதன் முழு ஆழத்தில் நிகழ்கிறது.

இரண்டாவது இழை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுவே மிகவும் பொருள் நிறைந்ததாகத் தோன்றுகிறது. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் இரண்டு தலைமைகளாக நிறுத்துகிறார். தனித்தனி மனிதர்களாக நாம் நம்மைக் கருதிக்கொள்வதைவிட நெருக்கமாக மனித குலம் ஒன்றோடொன்று பிணைந்திருக்கிறது என்பது அவர் பார்வை. ஒருவனுடைய வீழ்ச்சியில் அனைவரும் பங்காளிகளானதுபோல, ஒருவருடைய கீழ்ப்படிதலில் அவரோடு இணைக்கப்பட்டவர்கள் பங்காளிகளாகிறார்கள். “கிறிஸ்துவுக்குள்” என்ற தொடர் பவுலின் நிருபங்களில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அவருடைய மரணத்தில் நான் மரித்தேன், அவருடைய உயிர்த்தெழுதலில் எனக்குப் புதிய வாழ்வு உண்டு என்று விசுவாசி சொல்வது, எங்கோ ஒருவர் தம் கணக்கிலிருந்து என் கணக்குக்கு எதையோ மாற்றினார் என்பதைக் காட்டிலும் நெருங்கிய உறவைக் குறிக்கிறது. ஞானஸ்நானத்தை அடக்கத்துக்கும் எழுப்பப்படுதலுக்கும் ஒப்பாக ரோமர் 6ஆம் அதிகாரம் பேசுவதும் இந்த இணைப்பைப் பற்றியே.

சிலுவை எப்படிப் பயன் விளைவிக்கிறது என்பதைச் சபை வரலாற்றில் பலரும் பலவிதமாக விளக்கியிருக்கிறார்கள். கடவுளின் கனத்துக்கு நேர்ந்த குறைவை மனிதரே ஈடுசெய்ய வேண்டும், கடவுளால் மட்டுமே ஈடுசெய்ய முடியும், ஆகவே கடவுள் மனிதரானார் என்று பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் வாதிட்டார். அடுத்த தலைமுறையில் வாழ்ந்த பீட்டர் அபெலார்ட், சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம் உள்ளத்தைத் தொட்டு மாற்றுவதை வலியுறுத்தினார். தொடக்கச் சபையின் எழுத்தாளர்கள் பலர் மரணத்தின்மீதும் சாத்தானின்மீதும் கிறிஸ்து அடைந்த வெற்றியாக அதைப் பாடினார்கள். கீழைத் திருச்சபைகளின் வழிபாட்டில் இன்றும் அந்தத் தொனியே ஓங்கியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்கள் தண்டனையை நமக்குப் பதிலாக அவர் ஏற்றதை முதன்மைப்படுத்தினார்கள். தொடக்கச் சபை வகுத்த விசுவாச அறிக்கையாகிய நிசேயா விசுவாசப் பிரமாணம் இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. நமக்காக அவர் சிலுவையில் அறையுண்டார் என்று சொல்வதோடு அது அமைகிறது. அந்த “நமக்காக” என்பதில்தான் எல்லா விளக்கங்களும் வேர்கொண்டிருக்கின்றன. உயிர்த்தெழுதல் இல்லாமல் இவற்றில் எதுவும் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள் என்று 1 கொரிந்தியர் 15:17 கூறுகிறது.

இனி விசுவாசத்துக்கு வருவோம். இயேசு என்ற ஒருவர் வாழ்ந்தார், மரித்தார், எழுந்தார் என்ற செய்திகளை உண்மையென்று ஒப்புக்கொள்வதே விசுவாசம் என்று பலர் கருதுகிறார்கள். கடவுள் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு 2:19 இந்தக் கருத்தைக் கேலி செய்கிறது. அறிவின் சம்மதம் தேவைதான், ஆனால் அது வாசற்படி மட்டுமே. விசுவாசம் என்பது ஒருவர்மேல் தன் முழுப் பாரத்தையும் வைத்துச் சாய்வது. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வைத்திருந்த ஆதாரங்களை விட்டுவிடுவது. பரிசேயனிடம் இல்லாமல் ஆயக்காரனிடம் இருந்தது இதுவே.

பவுல் இதற்கு ஆபிரகாமை எடுத்துக்காட்டாக்குகிறார். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்பது ஆதியாகமம் 15:6. நுனித்தோலை நீக்கும் சடங்காகிய விருத்தசேதனத்துக்கான கட்டளை 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. நியாயப்பிரமாணம் சீனாய் மலையில் கொடுக்கப்பட்டதோ பல நூற்றாண்டுகள் கழித்து. சடங்கும் சட்டமும் வருமுன்பே, வாக்குத்தத்தம் பண்ணினவர் அதை நிறைவேற்ற வல்லவர் என்று நம்பியதற்காக ஒருவர் நீதிமானாக எண்ணப்பட்டார் என்ற கால வரிசையே ரோமர் 4ஆம் அதிகார வாதத்தின் முதுகெலும்பு. அந்த நம்பிக்கையை ஆபிரகாம் கடவுளுக்குச் செய்த உதவியாகக் காட்ட பவுல் மிகக் கவனமாக மறுக்கிறார். கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கடனாகக் கருதப்படும். விசுவாசிக்கிறவனுக்கோ கிடைப்பது கிருபை, அதாவது தகுதி பாராமல் கடவுள் காட்டும் தயவு, என்கிறார்.

ஆகவே விசுவாசத்தின் பலம், விசுவாசிப்பவரின் மன உறுதியைப் பொறுத்தது அன்று. உறுதியான படகில் நடுங்கிக்கொண்டு ஏறியவரும் துணிவோடு ஏறியவரும் ஒரே கரையில்தான் இறங்குகிறார்கள். ஓட்டைப் படகில் எவ்வளவு துணிவோடு ஏறினாலும் பயனில்லை. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று மாற்கு 9:24இல் கதறுகிறான். அரைகுறையான அந்த விசுவாசத்தோடு வந்தவனுக்கு இயேசு உதவி செய்கிறார். தன் விசுவாசம் போதிய அளவு இருக்கிறதா என்று இரவும் பகலும் உள்ளத்தைத் துருவிப் பார்த்து வாடுகிற நல்ல கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விசுவாசத்தையே ஒரு நற்செயலாக்கி, அதன்மேல் தங்கள் நம்பிக்கையை வைக்க முயல்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் தங்கள் உள்ளம் அன்று என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். வனாந்தரத்தில் சர்ப்பங்களால் கடிபட்டவர்கள் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21). அவர்கள் பார்த்தது தங்கள் காயங்களையோ பார்க்கும் திறனையோ அன்று. இயேசு யோவான் 3:14இல் தம் மரணத்துக்கு இந்த நிகழ்ச்சியைத்தான் ஒப்பிடுகிறார்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்பலாம். சாகும் தறுவாயில் மனந்திரும்பிய கொடியவருக்கு வேதாகமத்தில் நேரடியான எடுத்துக்காட்டு உண்டு: லூக்கா 23ஆம் அதிகாரத்தில் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளி. ஞானஸ்நானம் பெறவும், ஒரு நன்மை செய்யவும் அவனுக்கு நேரமில்லை. “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்ற வாக்குறுதி அவனுக்குக் கிடைத்தது. இதை இடறலாகக் காண்பவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். நாம் செய்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம் என்று அவனே ஒப்புக்கொண்டான். விசுவாசம் அவன் வாயில் குற்றத்தை மறைக்கும் சொல்லாக இல்லை. மேலும், மன்னிப்புப் பெற்றபின் அவன் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை. கடவுளின் மன்னிப்பு சட்டத்தின் தண்டனையை நீக்கிவிடுவதில்லை, பாதிக்கப்பட்டவருக்கு நாம் கொடுக்க வேண்டியதையும் தள்ளுபடி செய்வதில்லை. வாழ நேரமிருந்த சகேயுவின் வழக்கில் இது தெளிவாகிறது: அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் தானாகவே முன்வந்தான். தீங்கு செய்துவிட்டு, கடவுள் என்னை மன்னித்துவிட்டார், ஆகவே நீயும் இதைப் பேசக்கூடாது என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பவர்கள் சபைகளில் இருக்கிறார்கள் என்பது வெட்கத்துக்குரியது. நற்செய்தியில் அவர்களுக்கு ஆதரவு கிடையாது. கடைசி நிமிடம்வரை காத்திருந்து மனந்திரும்பலாம் என்று திட்டமிடுகிறவரும் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். விருப்பமில்லாத உள்ளம் அந்த நிமிடத்தில் விருப்பமுள்ளதாக மாறும் என்பதற்கு அவரிடம் எந்த உறுதியும் இல்லை.

நேர்மையாக வாழ்ந்தவரைப் பற்றிய பாதி இன்னும் இருக்கிறது. கிறிஸ்தவச் செய்தி அவருடைய நேர்மையை இகழவில்லை. அதை வைத்துக் கடவுளைத் தமக்குக் கடன்பட்டவராக்க முடியாது என்று மட்டும் சொல்கிறது. மத்தேயு 20ஆம் அதிகார உவமையில் விடியற்காலத்திலிருந்து திராட்சத்தோட்டத்தில் உழைத்தவர்களுக்குப் பேசிய ஒரு பணம் குறையாமல் கிடைத்தது. கடைசி மணிநேரம் மட்டும் உழைத்தவர்களுக்கும் அதே கூலி கொடுக்கப்பட்டதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நான் தயாளனாயிருக்கிறபடியால் நீ வன்கண்ணனாயிருக்கலாமா என்று எஜமான் கேட்கிறார். கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படவே வாய்ப்பில்லாமல் இறந்தவர்கள் நிலை என்ன என்ற கேள்வி இதனுடன் இணைந்து வரும். இதில் திருச்சபைகள் ஒருமித்துப் பேசுவதில்லை. கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாமல் மீட்பில்லை என்போர் உண்டு. தங்கள் தவறின்றி நற்செய்தியை அறியாதிருந்து, நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்படி வாழ முயல்பவர்கள் அருளின் துணையால் மீட்படையக்கூடும் என்று 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கப் போதனையாக அறிவித்தது. சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்ற ஆபிரகாமின் கேள்வியோடு நின்றுகொள்ள நான் விரும்புகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு நீண்ட விடை தேவைப்படாது என்றே நினைக்கிறேன். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6ஆம் அதிகாரம் கேட்டு, கூடாதே என்று பதில் சொல்கிறது. மேலே சொன்ன இணைப்பே அதற்குக் காரணம்: கிறிஸ்துவோடு மரித்தவர் பழைய எஜமானுக்குத் தொடர்ந்து வேலை செய்வது எப்படி? எபேசியர் 2ஆம் அதிகாரத்தின் 8, 9ஆம் வசனங்கள் இரட்சிப்பு கிரியைகளினால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்கின்றன. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 10ஆம் வசனமோ, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. நற்செயல்கள் இரட்சிப்பின் நோக்கமாகவும் கனியாகவும் வருகின்றன, விலையாக வருவதில்லை. கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்ற யாக்கோபின் சொல் பவுலுக்கு எதிரானது என்று தோன்றலாம். பவுல், கடவுளுக்கு முன்பாக எதைச் சார்ந்து நிற்கிறாய் என்று கேட்கிறார்; யாக்கோபு, அந்தச் சார்பு உண்மையானதுதானா என்று கேட்கிறார். அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்று கலாத்தியர் 5:6இல் பவுல் எழுதியதை யாக்கோபும் மறுத்திருக்கமாட்டார்.

இந்தச் சமநிலையைக் காக்கத் திருச்சபை படாத பாடு பட்டது. மனிதர் தம் சுயசித்தத்தின் வலிமையால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்த பெலாகியுவை எதிர்த்து, ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீன் (354–430) எழுதிக் குவித்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுவின் போதனையைக் கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கமும்கூடக் கிருபையினாலேயே உண்டாகிறது என்று 529இல் ஒரேஞ்சு சங்கம் தீர்மானித்தது. 1517இல் மார்ட்டின் லூத்தர் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளின் விற்பனையை எதிர்த்து எழுப்பிய வாதம், விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் என்ற போதனையில் போய் முடிந்தது. யாக்கோபின் நிருபத்தை 1522இல் ‘வைக்கோல் நிருபம்’ என்று கடிந்துகொண்ட அதே லூத்தர், அதே ஆண்டில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் செயலாற்றுவது, நற்செயல் செய்ய வேண்டுமா என்று கேட்குமுன்பே அதைச் செய்துவிட்டிருப்பது என்ற கருத்தையும் எழுதினார். மறுபுறம், கத்தோலிக்கர் செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கலாம் என்று போதிப்பதாகச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. சீர்திருத்தக்காரர்களுக்குப் பதிலளித்த கத்தோலிக்கப் பேரவையான திரிதெந்து சங்கம் 1547இல் வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருளின்றித் தன் செயல்களால் மட்டும் மனிதர் நீதிமானாக முடியும் என்பவரைச் சபிக்கிறது. வேறுபாடு உண்மையானதுதான்: நீதிமானாக்குதல் என்பது கடவுள் அளிக்கும் தீர்ப்பா, அன்றி உள்ளத்தைப் புதுப்பிக்கும் செயலுமா என்பதிலும், அருளோடு மனிதர் ஒத்துழைப்பதை எப்படிப் பேசுவது என்பதிலும் இரு தரப்பும் பிரிந்தன. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம்மில் உள்ள எந்தத் தகுதியாலும் அன்றி, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று ஒன்றாக அறிக்கையிட்டது. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அதில் இணைந்தார்கள்.

இவற்றையெல்லாம் படித்தபின்னும், விசுவாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் விசுவாசம் வரவில்லையே என்று ஒருவர் சொல்லக்கூடும். மனத்தை இறுக்கிப் பிடித்து வரவழைக்கக் கூடியது அல்ல விசுவாசம். அது கேள்வியினால் (செவியால் கேட்பதனால்) வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினால் வரும் என்று ரோமர் 10:17 சொல்கிறது. ஆகவே வாதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, 16 அதிகாரங்கள் மட்டுமே கொண்ட மாற்கு சுவிசேஷத்தை இரண்டு மூன்று அமர்வுகளில் முழுவதுமாகப் படிக்கலாம். விசுவாசிக்கச் சொல்லப்படுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் பார்க்க வேண்டுமல்லவா. அதன்பின் ரோமர் நிருபத்தின் முதல் எட்டு அதிகாரங்களை, நான் மேலே எடுத்தாண்ட வசனங்கள் அங்கே எந்த இடத்தில் வருகின்றன என்று சரிபார்த்துக்கொண்டே மெதுவாகப் படியுங்கள். நான் எங்கேனும் பவுலின் வாதத்தை வளைத்திருந்தால் அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.